ஊர் வேலை ஒன்ன எடுத்து செய்யணும்னு இருக்கீங்களா? நம்ம செட்டிநாட்டுப் பக்கம் எப்படி இறங்குறதுன்னு சொல்றேன்

முதல்ல ஒன்னு சொல்லிடுறேன், சங்கம் ஆரம்பிக்காதீங்க. நாலு பேரு சேர்ந்த உடனே பேரு வைக்கிறது, லோகோ போடுறது, தலைவர் செயலாளர் பொருளாளர்னு பிரிக்கிறது, இதுலயே ஆறு மாசம் ஓடிரும், அப்புறம் ஃப்ளெக்ஸ்ல யார் போட்டோ பெருசுன்னு மனஸ்தாபம் வரும், அதோட கடையக் கட்ட வேண்டியதுதான். பேரே இல்லாம ஒரு வேலை நடக்கட்டும். நடந்துச்சுன்னா ஊரே அதுக்கு ஒரு பேரு வச்சிரும்.

ரெண்டாவது, வேலைய தேர்ந்தெடுக்கிறது. உங்க வீட்ல இருந்து நடந்து போயி பாக்குற தூரத்துல இருக்கணும், நீங்க தினம் கடந்து போற விஷயமா இருக்கணும். தெருவிளக்கு, ரேஷன் கடை வாசல்ல வயசானவங்க உக்கார ஒரு நிழல், அங்கன்வாடிக்கு தண்ணி கனெக்‌ஷன், ஊருணிக்கு (ஊர்க் குளத்துக்கு) மழைத்தண்ணி வர்ற வரத்துக்கால்ல கொட்டுற குப்பை, இந்த அளவு போதும். ஊழலை ஒழிக்கிறேன்னு ஆரம்பிச்சா எங்க போயி நிப்பீங்க? பள்ளிக்கூட வாசல்ல எரியாத லைட்டுன்னு ஆரம்பிச்சா எந்த கம்பம், யார் பொறுப்புன்னு நேரா போயி நிக்கலாம்.

இந்தப் பக்கம் பொதுக்காரியம்னு பேச்செடுத்தாலே வள்ளல் அழகப்பர்தான் வருவாரு, வரணும், அதுல தப்பில்ல. சிக்ரிங்கற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வர்றதுக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்தாரு, 1948 ஜூலை 25ல நேரு வந்து அடிக்கல் நாட்டினாரு, 1953 ஜனவரியில திறந்தாங்க. இதக் கேட்டுட்டு நம்மாளுக என்ன சொல்றாங்கன்னா "அவுக கிட்ட காசு இருந்துச்சு செஞ்சாக, நம்ம என்னத்தச் செய்ய". இதுக்கு பதில் காரைக்குடி பக்கத்துல கோட்டையூர்லயே இருக்கு. ரோஜா முத்தையா சைன்போர்டு வரையிற ஆளு. பழைய புஸ்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு அடுத்தவங்க தூக்கிப் போடுறதெல்லாம் வாழ்நாள் முழுக்க சேத்து வச்சாரு. 1992ல அவர் காலமானப்ப ஒரு லட்சத்துக்கு மேல சேர்ந்திருந்துச்சு, 1994ல அதுதான் சென்னையில ஆராய்ச்சி நூலகமா ஆச்சு. யாரும் அவர போஸ்டிங் போட்டு வேலைக்கு வைக்கல. அதனால காசு இருக்கா இல்லையாங்கறது ரெண்டாவது கேள்வி, விடாம செய்வீங்களாங்கறதுதான் முதல் கேள்வி.

சரி, உதாரணத்துக்கு ஊருணியவே எடுத்துக்குவோம், ஏன்னா நம்ம ஏரியாவுல எந்த ஊருக்குப் போனாலும் ஒன்னாவது இருக்கும், பாதிக்கு மேல ஏதாவது ஒரு கோளாறோட இருக்கும், அதுல கத்துக்கிட்டா மத்த எந்த வேலைக்கும் அதே ரூட்டுதான்.

எடுத்த உடனே ஜேசிபி கூப்பிடாதீங்க, இத எவ்வளவு சொன்னாலும் பத்தாது. மொதல்ல அந்த ஊருணி யாரோடதுன்னு தெரியணும். நம்ம பக்கம் இது கொஞ்சம் சிக்கல், சில ஊருணி பஞ்சாயத்து புறம்போக்கு, சிலது நகரத்தாரோட கோயில் கணக்குல இருக்கும், சிலது ஒரு குடும்பம் வெட்டி தர்மத்துக்கு விட்டதா இருக்கும், அந்தக் குடும்பத்துல இப்ப பங்காளிக பாதிப் பேரு சென்னையில பாதிப் பேரு சிங்கப்பூர்லன்னு இருப்பாங்க. விஏஓ கிட்ட போயி சர்வே நம்பர் கேளுங்க, நிலம் யாரோடதுன்னு எழுதியிருக்கிற ஏ-பதிவேட்டுல என்ன வகைப்பாடுன்னு பாருங்க, ஆன்லைன்லயும் பாக்கலாம். எஃப்எம்பிங்கற நில அளவை வரைபடம் ஒரு காப்பி வாங்கி வச்சுக்கங்க, பின்னாடி "இது எங்க எடம்"னு ஒருத்தர் வந்து நிக்கிறப்ப அந்த ஒரு பேப்பர்தான் பேசும். கோயில் கணக்கா இருந்தா காரியக்காரங்க கிட்ட போயி "அண்ணே, நாங்க இத சுத்தம் பண்ணலாம்னு இருக்கோம், நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்"னு கேட்டுட்டு வாங்க. கேக்காம செஞ்சா நல்லதே செஞ்சாலும் மரியாதை இல்லாம செஞ்ச மாதிரி ஆயிரும், நம்ம ஊர்ல அது லேசுல மறக்காது.

அடுத்தது ஐப்பசி கார்த்திகை மழைல ஒரு நாள் குடைய எடுத்துக்கிட்டு தண்ணி எந்த வழியா வருதுன்னு மேல ஏறி நடந்து பாருங்க. ஊருணி நிறையாததுக்கு காரணம் ஊருணிக்குள்ள இருக்காது, வரத்துக்கால்ல இருக்கும். புதுசா போட்ட சிமெண்ட் ரோடு வாய்க்காலை விட ஒரு அடி ஒசந்திருக்கும், இல்ல ஒரு பிளாட்டுக்காரர் பாதை வேணும்னு மண்ணைப் போட்டு மூடியிருப்பாரு, இல்ல சீமைக்கருவை அடைச்சிருக்கும். நம்ம பெரியவங்க தெருவை போட்ட விதத்தையே பாருங்க, கானாடுகாத்தான்லயும் பள்ளத்தூர்லயும் தெரு நேர்க்கோடா போகும், மழைத்தண்ணிக்கு வழி விட்டு போகும், வீட்டு முற்றத்துத் தண்ணி வெளிய வந்து வாய்க்கால்ல சேர்ந்து ஊருணிக்குப் போற மாதிரி கணக்குப் பண்ணி கட்டியிருப்பாங்க. செட்டிநாட்டு ஊருகள 2014ல யுனெஸ்கோவோட உலக பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல சேர்த்தாங்க, வர்றவங்க எல்லாம் வீட்டுத் தூணைத்தான் போட்டோ எடுக்குறாங்க, வாசல் வாய்க்காலை யாரும் எடுக்கறதில்ல.

அடைப்பு எங்கன்னு போட்டோ எடுங்க, தேதி தெரியிற மாதிரி. தூர் வாரணும்னாலும் ஒரு விஷயம் கவனம், ஆழமா வெட்டுனா தண்ணி நிறைய நிக்கும்னு நெனச்சு தோண்டிக்கிட்டே போகக்கூடாது, அடியில இருக்கிற களிமண் படுகை ஒடஞ்சிட்டா எவ்வளவு மழை பேஞ்சாலும் தண்ணி கீழ இறங்கிரும். பழைய கொத்தனாரு, கண்மாய் மடைய பாத்த ஆளுகன்னு ஊர்ல ஒருத்தராவது இருப்பாங்க, அவரை கூட்டிட்டுப் போயி நிறுத்தி கேளுங்க. கண்மாயில வண்டல் அள்ளணும்னா தாசில்தார் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும். அனுமதி இல்லாம ஒரு லோடு மண்ணு வெளிய போனாக்கூட உங்க மேல மண் கொள்ளைன்னு பேரு வரும், அதுக்குன்னே ஒரு ஆள் காத்துக்கிட்டு இருப்பாரு.

மனு எழுதுறதப் பத்தி ரெண்டு வார்த்தை. ஒரு மனுல ஒரே விஷயம். ஊருணி, ரோடு, பஸ், சுடுகாட்டுப் பாதை எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல எழுதுனா அது நாலு டிபார்ட்மெண்டுக்கு சுத்திட்டு எங்கயாவது படுத்துக்கும். ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒன்னுல சீல் போட்டு தேதி வாங்கிட்டு வாங்க, இல்லைன்னா நீங்க மனுவே குடுக்கல, அவ்வளவுதான். கிராம ஊராட்சின்னா ஊராட்சி செயலாளர், அதுக்கு மேல யூனியன் ஆபீஸ்ல பிடிஓங்கற வட்டார வளர்ச்சி அலுவலர், நம்ம பக்கம் சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர்னு உங்க யூனியன் எதுவோ அது. பேரூராட்சின்னா ஈஓங்கற செயல் அலுவலர். காரைக்குடி 2024ல மாநகராட்சியா ஆயிருச்சு, பக்கத்து ஊரு சிலதும் அதுக்குள்ள போயிருச்சு, அதனால உங்க எடம் இப்ப எதுல வருதுன்னு மொதல்ல பாத்துக்குங்க. கீழ நடக்கலைன்னா திங்கக்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் கூட்டம் இருக்கு, 1100க்கு போன் பண்ணி முதல்வர் உதவி மையத்துலயும் பதியலாம். மேல போறதுக்கு முன்னாடி கீழ இருக்கிற ஆபீசர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, "சார், இந்த வாரத்துல ஆகலைன்னா திங்கக்கிழமை சிவகங்கை போறோம், உங்கள மீறி போறதா நெனைக்காதீங்க"ன்னு. பல தடவை அந்த ஒரு வார்த்தையிலயே வேலை நடந்துரும்.

இப்ப கிராம சபை. தைரியம்னு எதையாவது சொல்லணும்னா எனக்கு இங்கதான் சொல்லத் தோணும். முதல்ல வருஷத்துக்கு நாலு இருந்துச்சு, இப்ப ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாருமே உறுப்பினர்தான், யாரும் கூப்பிட்டுத்தான் வரணும்னு இல்ல. 500 பேர் வரைக்கும் உள்ள ஊராட்சின்னா 50 பேர் வரணும், 3,000 வரைக்கும்னா 100, 10,000 வரைக்கும்னா 200, அதுக்கு மேலன்னா 300. எலெக்‌ஷன் நடக்காம தனி அலுவலர் கையில ஊராட்சி இருந்தாலும் கிராம சபை உண்டு. பேரூராட்சியில கிராம சபை கெடையாது, அங்க வார்டு கமிட்டி, பகுதி சபைன்னு வச்சிருக்காங்க, உங்க வார்டுக்கு எப்பன்னு கேட்டு விடாம புடிங்க.

கூட்டத்துல எழுந்திரிச்சு கத்துறது தைரியம் இல்ல, அத யாரு வேணாலும் செய்வாங்க, மறுநாள் வீடியோ ஸ்டேட்டஸ்ல ஓடும், ஊருணி அப்படியே கெடக்கும். போறதுக்கு முன்னாடி இருபது வீட்டுக்காவது போயி பேசியிருக்கணும். "ஆச்சி, ரெண்டாம் தேதி கூட்டத்துல ஊருணி விஷயம் பேசப்போறோம், நீங்க வந்து சும்மா உக்காந்தா போதும்"னு சொன்னா வருவாங்க, வந்துட்டா சும்மா உக்காரமாட்டாங்க, தண்ணிக்கு நடந்த கஷ்டம் அவங்களுக்குத்தானே தெரியும். கூட்டத்துல படிவம் 30ல வரவு செலவு கணக்கு வைக்கணும், அத வாசிச்சுக் காட்ட சொல்லுங்க. போன கூட்டத்து தீர்மானம் என்னாச்சுன்னு கேளுங்க. உங்க விஷயத்தை தீர்மானமா எழுதச் சொல்லி, எழுதுனத சத்தமா வாசிக்கச் சொல்லி, அதுக்கப்புறம் கையெழுத்துப் போடுங்க. வந்த உடனே வெறும் நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு டீ குடுத்து அனுப்புற பழக்கம் சில எடத்துல இருக்கு, அதுக்கு மட்டும் "எழுதுனதும் போடுறேண்ணே"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிடுங்க. சிரிப்பு முக்கியம், நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்க போயி மொய் எழுதணும்ல.

"என்ன தம்பி, அடுத்த எலெக்‌ஷன்ல நிக்கப்போறியா?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இல்லைன்னு சத்தியம் பண்ணாதீங்க, ஆமான்னு மீசைய முறுக்காதீங்க. "ஊருணி நிறையட்டும்ணே, அப்புறம் பேசுவோம்"னுட்டு வேலைய பாருங்க.

ஆனா இதவிட கஷ்டமான தைரியம் ஒன்னு இருக்கு, அதிகாரிய கேள்வி கேக்குறத விட நம்ம தெருக்காரங்கள கேள்வி கேக்குறது. வாய்க்காலை மூடுனவரு உங்க சொந்த மாமாவா இருப்பாரு. குப்பைய கொட்டுறது உங்க பக்கத்து வளவா இருக்கும். இன்னொன்னு, இந்த ஊருணிகள்ல பலதுல ஒரு காலத்துல எல்லாரும் எறங்கித் தண்ணி எடுக்க முடியாது, அது நமக்குத் தெரிஞ்ச கதைதான், இப்பவும் சில ஊர்ல நன்கொடை பிரிக்கிறப்ப ஒரு தெருவ விட்டுட்டு வருவாங்க, கூட்டம் போடுறப்ப அந்தத் தெருவுக்கு சொல்லமாட்டாங்க, வேலைன்னா மட்டும் மம்பட்டியோட கூப்பிடுவாங்க. நீங்க முன்ன நிக்கிற வேலையில இது நடக்கக்கூடாது. முதல் கூட்டத்தையே அந்தத் தெருவுல போடுங்க. அதுக்கு வரமாட்டேன்னு சொல்றவங்க நாலு பேரு இருப்பாங்க, அவங்க இல்லாமலே நடத்துங்க, கோவப்பட வேண்டாம், வேலை நடக்கிறதப் பாத்துட்டு ரெண்டு பேராவது திரும்பி வருவாங்க.

குன்றக்குடி அடிகளார இதுக்குத்தான் சொல்லணும். மடத்துல உக்காந்து ஆசி குடுத்துக்கிட்டு இருந்தாலும் யாரும் ஒன்னும் கேட்டிருக்க மாட்டாங்க. அவரு 1982ல மண்டைக்காட்டுல கலவரம் நடந்தப்ப அங்க போயி ரெண்டு தரப்பு மக்களையும் சமாதானம் பண்ணினாரு. இங்க குன்றக்குடியில கிராமத் திட்டம்னு எடுத்து, ஊர்ல என்ன மண்ணு இருக்கு, என்ன விளையுது, யாருக்கு என்ன தொழில் வரும்னு கணக்கெடுத்து, சிக்ரி விஞ்ஞானிகள உள்ள கொண்டாந்து தொழில் ஆரம்பிக்க வச்சாரு. பேசுறதுக்கு முன்னாடி கணக்கெடுக்கிறது, அதை அவர்ட்ட இருந்து எடுத்துக்கலாம். நாப்பது வீட்டுக்கு ஒரு நோட்டு போதும்: வீட்ல எத்தனை பேரு, பென்ஷன் வரவேண்டியவங்க யாரு வராம இருக்காங்க, ரேஷன் கார்டுல யார் பேரு விட்டுப்போச்சு. இத எழுதிக்கிட்டு வந்தாலே அடுத்து என்ன செய்யணும்னு அந்த நோட்டே சொல்லிரும்.

காசு. இதுலதான் நல்லவங்க எல்லாம் கெட்ட பேரு வாங்குறது. முடிஞ்ச வரைக்கும் காசா வாங்காதீங்க, சாமானா வாங்குங்க, ஒருத்தர் சிமெண்ட் தரட்டும், ஒருத்தர் டிராக்டர் விடட்டும், ஒரு வீடு மதியச் சோறு ஏத்துக்கட்டும். காசுதான் வேணும்னா ரெண்டு பேரு பேர்ல பேங்க் அக்கவுண்ட் போடுங்க, உங்க சொந்த ஜிபே நம்பர மட்டும் குரூப்ல போடாதீங்க. கணக்கு எழுதுறதுல நமக்கு யாரும் வாத்தியார் தேவையில்ல, புள்ளிக்கு (கல்யாணமான குடும்பத்துக்கு) இவ்வளவுன்னு வரி போட்டு, தர்மத்துக்கு மகமை எடுத்து வச்சு, வருஷக் கடைசில ஐந்தொகைன்னு இருப்புக் கணக்கு எடுத்த ஊரு இது. அதே மாதிரி வரவு, செலவு, கையிருப்பு மூணையும் ஒரு பக்கத்துல எழுதி கோயில் வாசல்லயோ டீக்கடையிலயோ ஒட்டுங்க. யாரும் கேக்குறதுக்கு முன்னாடி ஒட்டணும். கேட்டதுக்கப்புறம் ஒட்டுனா அது பதில் சொல்ற மாதிரி ஆயிரும்.

வெளிநாட்டுல இருக்கிற நம்மாளுக காசு தர ரெடியா இருப்பாங்க, திருவிழாவுக்கு வர்றப்ப உணர்ச்சிவசப்பட்டு பெருசா சொல்லிட்டும் போவாங்க. அவங்கள காசுக்கு மட்டும் வச்சுக்காதீங்க. ஒருத்தருக்கு வரைபடம் போடத் தெரியும், ஒருத்தர் வக்கீல், இங்கிலீஷ்ல லெட்டர் எழுத ஒருத்தர், அந்த வேலைய குடுங்க. வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரே ஒரு ரூல், குட்மார்னிங் போடக்கூடாது, கட்சி ஃபார்வர்டு போடக்கூடாது, மீறுனா அட்மின் தன்னோட சித்தப்பாவா இருந்தாலும் ஒரு வாரம் தூக்கிறணும்.

ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதப் பத்தி எல்லாரும் கேப்பாங்க. நல்ல ஆயுதம்தான், ஆனா அதையே முதல்ல எடுக்காதீங்க, வாயால கேட்டா குடுக்கிற தகவலுக்கு ஆர்டிஐ போட்டா அந்த ஆபீஸ்ல அப்புறம் உங்களுக்கு எதுவுமே வாயால கிடைக்காது. கேட்டும் தரலைன்னா போடுங்க. 2005 சட்டம், வெள்ளைப் பேப்பர்ல எழுதி பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுனா போதும், பொதுத் தகவல் அலுவலர்னு போட்டு ஆபீஸ் பேர எழுதுங்க. ஏன் கேக்குறீங்கன்னு காரணம் சொல்லத் தேவையில்ல. 30 நாள்ல பதில் வரணும். வரலைன்னா 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுலயும் திருப்தி இல்லைன்னா 90 நாளுக்குள்ள மாநில தகவல் ஆணையம். ஆபீஸ் மாத்தி அனுப்பிட்டாலும் அவங்களே 5 நாளுக்குள்ள சரியான எடத்துக்கு அனுப்பி வைக்கணும். "ஏன் வேலை செய்யல"ன்னு கேக்காதீங்க, அதுக்கு பதில் வராது. "இந்த சர்வே நம்பர் ஊருணிக்கு இந்த வருஷம் என்ன மதிப்பீடு போட்டீங்க, வேலைய அளந்து எழுதுன எம்-புக் நகல் குடுங்க"ன்னு ஆவணமா கேளுங்க. வேலை நடந்த எடத்தையும் ஃபைலையும் நேர்ல பாக்குறதுக்கும் அதே சட்டத்துல உரிமை இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியாது.

ஊர் வேலைன்னா மனுவும் கூட்டமும் மட்டும் இல்ல. திருச்சி - ராமநாதபுரம் ரோட்டுல பைக்ல வந்த ஒருத்தர் விழுந்து கெடக்காரு, கூட்டம் நிக்குது, போலீஸ் கேஸ் ஆயிரும்னு யாரும் தொடமாட்டேங்குறாங்க. 2019ல மோட்டார் வாகன சட்டத்துல 134ஏன்னு ஒரு பிரிவு கொண்டாந்துட்டாங்க, நல்ல மனசோட உதவி செஞ்சவங்க மேல கேஸ் போட முடியாது, பேரு அட்ரஸ் குடுக்கணும்னு கட்டாயப்படுத்தவும் முடியாது. 108க்கு அடிங்க. முதல் 48 மணி நேரம் திட்டத்துல இருக்கிற ஆஸ்பத்திரில, தனியாரா இருந்தாலும், சிகிச்சைக்கு அரசு குடுக்குது, "நம்மைக் காக்கும் 48"னு பேரு, 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது. இந்த ரெண்டு விஷயத்தையும் உங்க ஊர் ஆட்டோ ஸ்டாண்டுல பத்து நிமிஷம் உக்காந்து சொல்லிட்டு வாங்க, ஒரு வருஷத்து ஊர் வேலையில இது ஒன்னே பெரிய வேலை.

விடாம செய்றது எப்படின்னு பாக்கணும்னா திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்கு போயி பாருங்க. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், 1977ல அறிவிச்சது. மழைக்காலத்துல பறவைக வந்து தங்குற நேரத்துலதான் தீபாவளி வரும், அந்த ஊர்க்காரங்க பல வருஷமா வெடி வெடிக்கிறதில்ல. வனத்துறை ஸ்வீட் குடுத்து பாராட்டும், பேப்பர்ல நியூஸ் வரும், அதெல்லாம் சரி, நான் யோசிக்கிறது வேற. ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு வீட்லயும் ஒரு எட்டு வயசுப் பையன் கம்பி மத்தாப்புக்கு அழுதிருப்பான், அவனை யாரோ ஒருத்தர் உக்கார வச்சு பேசியிருக்காங்க. அந்த ஆளுக்கு மாலை கெடையாது, பதவியும் கெடையாது. ஒரு ஊர் முழுக்க அப்படி ஆளுக இருந்ததாலதான் அது நிக்குது.

உங்க வேலையும் நிக்கணும்னா உங்கள நம்பி மட்டும் நிக்கக்கூடாது. ரெண்டாவது வருஷமே மனு எழுதுறத ஒரு காலேஜ் பொண்ணுகிட்டயோ பையன்கிட்டயோ குடுத்துருங்க, தப்பாத்தான் எழுதுவாங்க, எழுதட்டும். ஆபீசுக்குப் போறப்ப தனியா போகாதீங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒருத்தர கூட்டிட்டுப் போங்க, எந்த டேபிள்ல யார் உக்காந்திருக்காங்க, டீ டைம் எப்ப, ஜீப் எந்த நாள் வெளிய போகும்னு அவங்களுக்கும் தெரியட்டும். சர்வே வரைபடம், சீல் போட்ட மனுக்கள், தீர்மான நகல், கணக்கு எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு, உங்க வீட்ல வைக்காம நூலகத்துலயோ பள்ளிக்கூடத்துலயோ வைங்க, ஒரு செட்டு ஜெராக்ஸ் வேற தெருவுல ஒரு வீட்ல இருக்கட்டும். அடுத்து வர்ற கிராம சபைக்கு அந்த ஃபைலைத் தூக்கிட்டுப் போறது நீங்களா இருக்க வேண்டாம்.